விளக்கு எரியறதுக்குள்ள

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவளுக்கும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கேட்டால் ஊரில் யாருக்கும் தெரியாது. யூனிஃபார்ம் அக்கா என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அந்தக் கடலோரத்து அரசுப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நீலத்தில்தான் பாவாடை, ஒரே நீலத்தில்தான் கால்சட்டை. துணியை எந்தக் கடையில் வாங்கினாலும் இடுப்பைப் பிடிக்கவும் மடிப்பை இறக்கவும் அக்காவின் முன்னறைக்குத்தான் வரவேண்டும். பிள்ளை வாசலில் கால் வைக்கும்போதே, "என்னடா, அதுக்குள்ள வளர்ந்து தொலைச்சிட்டியா? போன மாசம்தானே இறக்கிக் குடுத்தேன்" என்பாள். வாய் நிறைய குண்டூசியைக் கவ்விக்கொண்டுதான் இத்தனை பேச்சும். ஒரு ஊசி கீழே விழாது. கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பாசமும் அங்கேயேதான் நிற்கும், எது முந்தும் என்று அவளுக்கே தெரியாது.

புருஷன் படகு இன்ஜின் மெக்கானிக். எண்ணெய்க் கையும் மௌனமுமாக வருவார், போவார். மகனும் மகளும் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு மாடி அறை சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற அறையைப் பார்த்தால் அக்காவுக்குத் தூக்கம் வராது. அப்போதுதான் பள்ளி அலுவலகத்து மேடம் வந்து, வெளிநாட்டிலிருந்து படிக்க வருகிற பிள்ளைகளில் ஒன்றை வீட்டோடு வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். "சோறு போட்டு, துணி துவைச்சு, நாலு திட்டு திட்டணும், அவ்வளவுதானே? அனுப்புங்க" என்றாள் அக்கா. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு பிள்ளை வரும், போகும். வாயில் நுழையாத பேரெல்லாம் எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு பேர் வைப்பாள். ஒருத்தன் தூங்குமூஞ்சி. இன்னொருத்தி பூனை. ஊருக்குத் திரும்பிப் போன பிறகும் அந்தப் பேரைப் போட்டுத்தான் அக்காவுக்குச் செய்தி அனுப்புவார்கள்.

அந்த வருஷம் வந்தவள் நியூஸ்.

கடலையே பார்க்காத, மலையும் வறண்ட மண்ணுமான ஒரு நாட்டிலிருந்து வந்தவள். வயசு பதினாறு. நம்ம பேச்சைப் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டு வந்திருந்தாள். மேடம் பெட்டியோடு கொண்டுவந்து விட்டதும் வாசலில் நின்று, "வணக்கம் அத்தை. நான் தங்களுடைய இல்லத்திற்கு வந்துவிட்டேன்" என்றாள். அக்கா வாயிலிருந்த ஊசியெல்லாம் கொட்டிவிட்டது. வாழ்க்கையிலேயே முதல் தடவை.

"அடியே, நீ என்ன ரேடியோவுல நியூஸ் வாசிக்கிறியா?"

அந்தப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்களோ, அப்படியேதான் பேசினாள். பெரியவர்கள் சொன்ன சொல்லையும் அப்படியேதான் எடுத்துக்கொண்டாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம் என்று பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெரியாது. இது அக்காவுக்கு அப்போது உறைக்கவில்லை.

வந்த அன்றைக்கே அம்மாக்காரியோடு போனில் முகம் பார்த்துப் பேச்சு. அந்தம்மாவுக்கு நம்ம பேச்சு தெரியாது, அக்காவுக்கு அவர்கள் பேச்சு தெரியாது. ரெண்டு பேரும் கையைக் கூப்பிக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அந்தம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் என்னவோ சொன்னாள். சொல்லும்போது உள்ளங்கையை முழங்காலில் வைத்து, இடுப்புக்கு ஏற்றி, கழுத்து வரைக்கும் கொண்டுபோனாள்.

"என்னடி சொல்றாங்க உங்கம்மா?"

பெண் கொஞ்சம் தயங்கினாள். "தங்களுக்கு நன்றி கூறுகிறார்கள்."

கழுத்து வரைக்கும் நன்றியா, நல்ல குடும்பம்தான் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். நினைத்ததோடு மறந்தும் போனாள்.

பிறகு, வருகிற எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதை அவளிடமும் சொன்னாள். "இந்த வீட்டுல சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். தெருவிளக்கு எரியறதுக்குள்ள நீ வாசலுக்கு உள்ள இருக்கணும். என் மகனே ஒரு நாள் விளக்கு எரிஞ்ச பிறகு வந்தான். கதவைத் தாழ் போட்டுட்டேன். படியில உட்கார்ந்திருந்தான் பாரு, அழுதுகிட்டே. அதுக்கப்புறம் ஒரு நாள் தவறினதில்ல. இன்னைக்கு எப்படி இருக்கான்."

கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மகன் படியில் உட்கார்ந்தது கொஞ்ச நேரம்தான். கதவுக்கு உள்பக்கம் அக்காவும் அழுதுகொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அது மட்டுமா? விளக்கு எரிந்து ரெண்டு தும்மல் தும்முகிற நேரம் வரை சட்டம் வளைந்து கொடுக்கும் என்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். வெளிச்சம் குறைந்தால் தானாக எரிகிற விளக்குகள் அவை. மூடுபனி நாளில் மத்தியானத்திலேயே எரிய ஆரம்பித்துவிடும். அன்றைக்கு விளக்கு கணக்கில் சேராது. இதெல்லாம் யாரும் யாருக்கும் சொல்லித் தெரிவதில்லை. பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர்களுக்கு, சொல்ல வேண்டும் என்றே தோன்றாது. தோன்றாமல் போனதுதான் வினை.

பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. வீட்டுக்கு வர ரெண்டு வழி. பஸ் மேல் ரோட்டில் ஊரைச் சுற்றிக்கொண்டு வரும். பள்ளிக்குப் பின்னால் இறங்கினால், பாறைக்கு அடியில் மணலோடு மணலாக ஒரு குறுக்கு வழி. அதற்கு அடிவழி என்று பேர். கடல் உள்வாங்கியிருக்கும்போது மெத்தை மாதிரி இருக்கும், பாதி நேரத்தில் வீடு வந்துவிடும். தண்ணி ஏறும்போது மணலே இருக்காது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, இன்னொரு பக்கம் கடல். நிலா வளர்கிற நாளில் ஊர்க்காரன் ஒருத்தனும் அதில் கால் வைக்கமாட்டான். இதையும் யாரும் நியூஸிடம் சொல்லவில்லை.

முதலில் மாடிப்படியில் மணல் தட்டுப்பட்டது.

அக்கா பெருக்கித் தள்ளினாள். மறுநாளும் மணல். துவைக்கப் போட்ட நீலப் பாவாடையை எடுத்துப் பார்த்தாள். ஓரத்து மடிப்பில் வெள்ளையாக ஒரு கோடு. உப்பு. துணியில் கை வைத்தால் அக்காவுக்கு ஆளின் கதையே தெரியும். யார் எந்தக் காலை ஊன்றி நிற்கிறார்கள், எந்தப் பையில் மிட்டாய் வைக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிடுவாள். அந்தத் திமிரில் இதையும் படித்தாள். கடற்கரைக்குப் போகிறாள். யாரோடு?

ரெண்டு நாளில் கோடு ஒரு விரல்கடை ஏறியிருந்தது. அதற்கடுத்து நாலு விரல்கடை. நாள்பட நாள்பட அந்த வெள்ளைக் கோடு பாவாடையில் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. அக்கா கலங்கினாள். ஆனால் கலங்க வேண்டியதற்குக் கலங்கவில்லை.

ஏனென்றால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு மாடி அறையில் போன் பேச்சு நடந்தது. அம்மாவோடு பேசும் குரல் இல்லை அது. கொஞ்சுகிற குரல், குழைகிற குரல், நடுவில் கிசுகிசுவென்று சிரிப்பு. பாஷை புரியாவிட்டால் என்ன, கொஞ்சல் புரியாதா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அக்காவின் கண்ணுக்கு மாடிப்படியில் ஒரு பையன் நிற்பதே தெரிந்தது.

"உனக்கு ஏதாவது தெரியுதா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எனக்கு இன்ஜின் சத்தம்தான் தெரியும்" என்றார் அவர். "அந்தப் பொண்ணையே கேளேன்."

கேட்டாள். கேட்ட விதம்தான் தப்பு. சாயங்காலம் பெண் வந்து நின்றதும் பாவாடையை மேஜைமேல் விரித்துப் போட்டு, உப்புக் கோட்டில் விரலை வைத்து, "யாரு அவன்?" என்றாள்.

"எவர், அத்தை?"

"என்கிட்ட நடிக்காத. மணலுக்கு உன்னைக் கூட்டிட்டுப் போறவன். ராத்திரி போன்ல கொஞ்சறவன்."

பெண்ணின் முகம் வெளுத்தது. வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கடலுக்குப் போவதைச் சொன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று அக்கா அந்த மௌனத்தை வேறு மாதிரி எடை போட்டாள்.

"சரி. சொல்ல வேண்டாம். ஆனா கேட்டுக்கோ. இனிமே ஒரு நாள், ஒரே ஒரு நாள் விளக்கு எரிஞ்ச பிறகு வந்தேன்னு வை, கதவு திறக்காது. மறுநாள் மேடத்துக்கிட்ட சொல்லி உன்னை ஊருக்கே அனுப்பி வச்சிடுவேன். உங்கம்மா கழுத்து வரைக்கும் நன்றி சொன்னாங்களே, அவங்களுக்கு நான் பதில் சொல்லணும்."

"புரிந்தது அத்தை" என்றாள் பெண். அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அவளை இந்தப் படிப்புக்கு அனுப்ப அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டதோ. ஊருக்கு அனுப்புவேன் என்பது அக்காவின் வாயில் தினமும் நாலு தடவை வருகிற வார்த்தை. கறிவேப்பிலை மாதிரி, வாசனைக்குப் போடுவது. அவளுக்கு அது தலைமேல் தொங்குகிற கல்.

மூடுபனி வந்தது அதே வாரத்தில்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அக்கா மெஷினில் உட்கார்ந்தபோது எதிர்வீடு தெரியவில்லை. சற்று நேரத்தில் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அக்கா தலையை நிமிர்த்திப் பார்த்தாள், பனிக்கு எரிகிறது என்று நினைத்தாள், மறுபடியும் குனிந்து தைத்தாள். அவ்வளவுதான் அந்த விளக்குக்கு அவள் கொடுத்த மரியாதை. மேட்டில், பள்ளி ஜன்னலிலிருந்து அதே விளக்குகளை இன்னொருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள் என்று ஏன் தோன்றவில்லை? இந்தக் கேள்வியைப் பிறகு அவள் தன்னையே எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டாள்.

தைத்து முடித்து நூலைக் கடிக்கும்போது நிஜமாகவே இருட்டிவிட்டது. பெண் வரவில்லை. பரீட்சைக்குப் பயிற்சி வகுப்பு என்று காலையில் சொல்லியிருந்தாள். பனியில் பஸ் ஊர்ந்துதான் வரும், கொஞ்சம் பார்க்கலாம் என்று அக்கா பார்த்தாள். பஸ் வந்து, நின்று, போன சத்தம் முனையில் கேட்டது. யாரும் தெருவில் வரவில்லை.

கோபம் சுர்ரென்று ஏறியது. சொல்லிச் சொல்லியும் கேட்காதவளை என்ன செய்வது? எழுந்துபோய்க் கதவைத் தாழ் போட்டாள். உட்காரட்டும் படியில். அப்போதுதான் புத்தி வரும்.

கதவு தட்டப்பட்டது. அக்கா அசையவில்லை. மறுபடியும் தட்டும் சத்தம். புருஷனின் குரல் கேட்டதும்தான் திறந்தாள்.

"எதுக்கு தாழ் போட்டிருக்கே?" உள்ளே வந்தவரின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. "இன்னைக்குத் தண்ணி பேய் மாதிரி ஏறுது. படகெல்லாம் மேல் படியில இழுத்துக் கட்டிட்டு வர்றோம். அந்தப் பொண்ணு எங்க?"

"வரல. அவனோட எங்கயோ…"

கொடியில் இன்னும் துவைக்காத நேற்றைய பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய் ஓரத்தைக் கையில் பிடித்தார். எண்ணெய்க் கை பட்டுவிடும் என்று அவள் திட்டக்கூட இல்லை.

"இந்தக் கோடு எவ்வளவு நாளா இருக்கு?"

"ஒரு வாரமா. ஏறிக்கிட்டே வருது."

"ஒரு வாரமா ஏறிக்கிட்டே வருதா?" அவர் திரும்பினார். அந்த மனுஷன் முகத்தில் பயத்தை அக்கா அதுவரை பார்த்ததில்லை. "ஏம்மா, கடலும் அப்படித்தானே ஏறிக்கிட்டு வருது. இவ எவனோடயும் போகல. அடிவழியில வீட்டுக்கு வந்துட்டிருக்கா."

அக்கா பெண்ணின் போனுக்கு அடித்தாள், லைன் கிடைக்கவில்லை. பள்ளி வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். "அந்த வெளிநாட்டுப் பொண்ணா? அது அப்பவே போயிடுச்சேக்கா. விளக்கு எரிஞ்சதைப் பார்த்துட்டு, வகுப்புல பாதியில எழுந்து ஓடுச்சு. பஸ்ஸுக்கு நில்லும்மான்னேன், லேட்டாயிடும்னு பின்பக்கம் இறங்கிடுச்சு. ஏன், வந்து சேரலையா?"

அப்பவே. மத்தியானமே. அக்கா நூலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம்.

புருஷன் படகுத்துறைக்கு ஓடினார். அக்கா பாறை உச்சிக்கு ஓடினாள். அங்கிருந்து அடிவழிக்கு இறங்குகிற கல்படிகள் இருந்தன. பாதிக்குக் கீழே உள்ளவை தண்ணிக்குள் போயிருந்தன. கீழே வெள்ளையாகப் பனி, பனிக்குள்ளே கடல் பாறையில் மோதுகிற சத்தம். கத்திக் கூப்பிட்டாள். நியூஸ் என்று கூப்பிட்டாள். பிறகுதான் அந்தப் பெண்ணின் சொந்தப் பேர் ஞாபகம் வந்தது. அதையும் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டாள். கடல்தான் பதில் சொன்னது.

கையில் இருந்த போன் அடித்தது. பெண்ணோ என்று பதறி எடுத்தாள். திரையில் அம்மாக்காரி. பக்கத்தில் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து ஒரு சின்னப் பெண், கால் ரெண்டும் குச்சியாக. அக்கா அந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை. குழந்தை தன் கையில் இருந்த போனைக் காதோடு வைத்திருந்தது. அதிலிருந்து வந்த சத்தம் அக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. அலைச் சத்தம். நேற்றைய அலை, முந்தாநாள் அலை. எவனோடோ என்று அக்கா நினைத்திருந்த அந்தக் கொஞ்சல் குரலும் அதில் இருந்தது. கடலைப் பார்க்க வரமுடியாத தங்கைக்குத் தினமும் கடலைப் பிடித்து அனுப்பியிருக்கிறாள் பாவி மகள். இன்றைக்கு வரவில்லை என்று அழுத குழந்தை, இத்தனை நாள் மறைத்ததை அம்மாவிடம் சொல்லியிருக்கும் போல.

அம்மாக்காரி என்னவோ கேட்டாள். அக்காவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அந்தம்மா உள்ளங்கையை இடுப்பில் வைத்து, நெஞ்சுக்கு ஏற்றி, கழுத்துக்குக் கொண்டுவந்தாள். கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள்.

அன்றைக்கு நன்றி சொல்லவில்லை அந்தம்மா. தண்ணி பக்கம் என் பொண்ணை விட்டுடாதீங்க என்றுதான் கெஞ்சியிருக்கிறாள். பெற்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. பக்கத்திலேயே இருந்து, தினமும் துணியில் கை வைத்துப் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. அக்கா போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கீழே கடல் தெரிந்துவிடக் கூடாது, சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று முந்தானையால் பொத்தினாள். இந்த உயிர் போனால் நான் இருக்கமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

இன்ஜின் சத்தம் பனிக்குள் வந்தது, நின்றது, திரும்ப வந்தது. பாறையின் எந்த முனையில் ஆள் நிற்க ஒரு திட்டு உண்டு என்பது அவருக்குத் தெரியும். அக்கா படியிலேயே தவழ்ந்து தண்ணி வரை இறங்கினாள். ரொம்ப நேரம் ஆனது. பிறகு பனிக்குள்ளிருந்து, "இருக்கா" என்று புருஷனின் குரலில் ஒரே ஒரு வார்த்தை வந்தது.

நெஞ்சளவு தண்ணியில் திட்டின்மேல் நின்றிருந்தாள். பாறை இடுக்கில் ஒரு கை. இன்னொரு கை பள்ளிப் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தது. படகுக்குள் இழுத்த பிறகும் அந்தக் கையைக் கீழே இறக்க முடியவில்லை, மரத்துப் போயிருந்தது. துறையில் நர்ஸம்மா வந்து பார்த்து, "உடம்பைச் சூடா வைங்க, பிழைச்சுட்டா" என்றாள். துறைக்கு ஓடிவந்திருந்த அக்கா போன் திரையைப் பெண்ணின் பக்கம் திருப்பினாள். போர்வைக்குள் மகளின் முகத்தைப் பார்த்ததும் அந்தம்மா அழுதாள். எதற்காக அழுகிறோம் என்று அவளுக்கு முழுசாகத் தெரியாது. அதையும் அக்காதான் ஒரு நாள் சொல்லியாக வேண்டும்.

புருஷனும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வழி முழுக்கப் பெண்ணின் பல் தந்தியடித்தது. கதவு திறந்தே கிடந்தது. அக்கா உள்ளே ஓடி அடுப்பில் வெந்நீர் வைத்தாள், இருக்கிற போர்வையெல்லாம் இழுத்துப் போட்டாள், திரும்பினால் பெண் உள்ளே வரவில்லை.

வாசலுக்கு வந்தாள். புருஷன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். பெண் வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மகன் உட்கார்ந்த அதே படி. சொட்டச் சொட்ட நனைந்த பாவாடையை முழங்காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, எதிரே எரிகிற தெருவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்திருக்கப் பார்த்தாள்; முடியவில்லை.

"மன்னிக்க வேண்டும் அத்தை. விளக்கு எரிந்துவிட்டது" என்றாள். பிறகு, தண்டனை கேட்கிற குரலில் இல்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்:

"நான் எவ்வளவு நேரம் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்?"